பதினொரு நற்சான்றிதழ்களும் ஒரு வாக்கும்

கிராம அலுவலர் கொடுக்கும் வதிவிட நற்சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் வேலை தேடுகிற பிள்ளைகளின் முகம் எங்களுக்கு மறப்பதில்லை. வடமராட்சியில் நான் கடமை செய்த பிரிவில் ஒரு பிள்ளை அந்தத் தாளுக்காகப் பதினொரு தடவை வந்தாள். கலைப்பீடப் பட்டதாரி. தகப்பன் இல்லை, தாய் தையல் வேலை. 2014ஆம் ஆண்டு முதல் தடவை வந்தபோது தாயும் கூட வந்து, ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மேசையடியில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கடைசித் தடவை பிள்ளை தனியாக வந்தாள். “ஐயா, திகதியை மட்டும் மாத்திவிடுங்கோ, மற்றதெல்லாம் அப்பிடியேதான் இருக்கு” என்றாள். படிவத்தில் தற்போதைய தொழில் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. பதினொரு தடவையும் அதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியது என் கை.

வாக்காளர் இடாப்புக்கான படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, நிரப்பி வாங்கி வந்ததும் அதே கைதான். 1994 முதல் 2021 வரை அந்த வேலை செய்தேன். ஊரில் பழைய ஆட்கள் இன்றைக்கும் விதானையார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் யாருக்கு வேலை இல்லை, யாருக்கு வாக்கு இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே ஆள் அறிந்திருக்கும் உத்தியோகம் இந்த நாட்டில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த மேசையில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்தல் மேடைகளில் ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். தமிழர் உரிமைக்காக வாக்களிப்பவர்கள், வயிற்றுக்காக வாக்களிப்பவர்கள் அல்ல என்பார்கள். கைதட்டல் விழும். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் மேசைக்கு வந்து போனவர்கள். அந்தப் பேச்சு முழு உண்மை இல்லை. வேலை இல்லாத கவலை எங்கள் வாக்கில் எப்போதும் இருந்தது. அது எந்தத் தேர்தலில் வெளியே வரும், எதில் ஒளிந்து நிற்கும் என்பதுதான் மாறியது.

1982 ஒக்டோபர் 20. நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல், எனக்கு முதலாவது வாக்கு. தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. இளையவர்கள் பலர் குமார் பொன்னம்பலத்துக்குப் போட்டோம், யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர்தான் முதலாவதாக வந்தார். ஆனால் இரண்டாவதாக வந்தவர் யார் என்பதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. மாவட்டத்தின் வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருக்கு விழுந்தது. நாட்டை வென்ற ஜே.ஆர். ஜயவர்தனவை யாழ்ப்பாணத்தில் அவர் பின்னுக்குத் தள்ளினார்.

கொப்பேகடுவ யார்? 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ அரசாங்கத்தின் விவசாய, காணி அமைச்சர். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்த அரசாங்கம் அது. 1972 அரசியலமைப்பை எங்கள் தலையில் வைத்ததும் அதுவே. அப்படியான அரசாங்கத்தின் ஆளுக்கு யாழ்ப்பாணத்தான் வாக்குப் போட்டான். காரணம் சின்ன வெங்காயமும் மிளகாயும். அந்த அரசாங்கம் அவற்றை வெளியில் இருந்து இறக்குமதி செய்வதை நிறுத்தியிருந்தது. வலிகாமத்துச் செம்மண் அந்த ஏழு வருடமும் பணம் விளைந்த மண். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி வெங்காயம் சந்தையில் கொட்டியபோது, தோட்டக்காரரும் அவர்களிடம் கூலிக்கு நின்றவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். என் தாய்மாமனும் அவர்களில் ஒருவர். கொப்பேகடுவவுக்குப் போட்டார் என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். “மருமோன், தரப்படுத்தல் உன்னைக் கம்பசுக்குப் போகவிடேல்லை எண்டது எனக்குத் தெரியாதே? எண்டாலும் மிளகாய் காய்ஞ்ச முற்றத்தில அஞ்சு பேருக்கு வேலை இருந்தது. இப்ப எனக்கே வேலை இல்லை” என்றார். அன்றைக்கு அவரைத் துரோகி என்று நினைத்தேன். அதை நினைத்து இன்றைக்கும் மனம் நோகிறது.

அப்பா காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். 1990இல் ஆலை நின்றது, நாங்களும் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறினோம். அந்த ஆலை பிறகு இயங்கவேயில்லை. பரந்தன் இரசாயன ஆலை, ஆனையிறவு உப்பளம் என்று வடக்கில் மாதச் சம்பளம் கொடுத்த இடங்கள் போரோடு போயின. அவை போன பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் மிஞ்சியது, அரசாங்க உத்தியோகம். இதைச் சோம்பல் என்று கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலை இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர் அதிகாலைச் சைரனுக்கு எழும்பிச் சைக்கிளில் போனார்கள். அந்தச் சைரன் நின்ற பிறகுதான் பிள்ளைகள் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார்கள்.

புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கைக் கேட்டால் இலங்கையில் வேலையின்மை பெரிய பிரச்சினையே இல்லை. 2019இலும் 2023இலும் அது 5 வீதத்துக்குக் கீழே. ஆனால் கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஏதாவது தொழில் செய்திருந்தாலே ஒருவர் தொழில் உள்ளவர் ஆகிவிடுவார். தாய்க்குத் துணையாக இரண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்த அந்தப் பட்டதாரிப் பிள்ளை அந்தக் கணக்கில் வேலையுள்ளவள். வேலை தேடிக் களைத்து நிறுத்திவிட்டவள் கணக்கிலேயே இல்லை. பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தொழிற்படையில் இல்லாத நாடு இது. 15 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களைத் தனியாக எடுத்தால் அதே திணைக்களத்தின் கணக்கு 20 வீதத்தைத் தாண்டுகிறது. வேட்பாளர்கள் முதல் எண்ணைப் பேசுகிறார்கள், வீடுகள் இரண்டாவது எண்ணில் வாழ்கின்றன. ஒரு வீட்டில் வேலையில்லாத பிள்ளை ஒன்று இருந்தால், வேலையுள்ள தகப்பனும் தாயும் பெரியப்பாவும்கூட அந்தப் பிள்ளையின் கவலையோடுதான் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள்.

அந்தக் கவலைக்குத் தெற்கில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1971 ஏப்ரலில் ஆயுதம் எடுத்த மக்கள் விடுதலை முன்னணியின் பிள்ளைகள் படித்தவர்கள், கிராமத்தவர்கள், வேலை இல்லாதவர்கள். அதே வருடம் சர்வதேச தொழில் அமைப்பு டட்லி சியர்ஸ் என்ற பொருளியலாளரின் தலைமையில் ஒரு குழுவை இங்கே அனுப்பியது. நாடு கொடுக்கும் படிப்பும் பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலையும் நாட்டில் இருக்கும் வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அந்தக் குழு சொன்னது. அதைச் சொல்லி அரை நூற்றாண்டு போய்விட்டது. 1987 முதல் 1989 வரை தெற்கு மறுபடி எரிந்தது, அதற்குப் பிறகு இளைஞர் ஆணைக்குழு ஒன்று வைத்தார்கள். அந்த இயக்கத்தின் வழி வந்த அநுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாங்கியது 3 வீதத்துக்குச் சற்று மேல். 2024 செப்டெம்பர் 21இல் 42 வீதம். இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்கு எண்ணப்பட்டு அவர் ஜனாதிபதியானார்.

ஐந்து வருடத்தில் 3 எப்படி 42 ஆகும்? வேலையில்லாதவர்கள் அத்தனை பேர் பெருகிவிடவில்லை. வேலை இல்லாதவர்கள் எந்தத் தேர்தலிலும் சிறுதொகைதான். வேலை இருந்தும் அது போதாமல் போனவர்களும், நாளைக்கு இருக்குமோ என்று பயந்தவர்களும்தான் ஆட்சியை மாற்றுகிற தொகை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் விலைவாசி உயர்வு 70 வீதத்தைத் தொட்டது. மேசனுக்குச் சீமெந்து இல்லை, முச்சக்கரவண்டிக்காரனுக்குப் பெற்றோல் இல்லை, என்னுடைய ஓய்வூதியம் மாதத்தின் பாதியில் முடிந்தது. வேலை உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வரிசையில் நின்ற வருடம் அது. அந்த வரிசைதான் 2024இல் வாக்குச்சாவடிக்கு வந்தது.

இனி எங்கள் பக்கம். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ நாடு முழுவதிலும் 52 வீதம் எடுத்து வென்றார். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது 6 வீதத்துக்குச் சற்று மேல்தான், சஜித் பிரேமதாசவுக்கு 83 வீதத்துக்கு மேல். வேலையைப் பற்றிக் கோட்டாபயவும் பேசினார், எங்கள் சனம் அதைக் காதில் வாங்கவில்லை. காணாமல் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தெருவோரம் இருந்த நேரம் அது. அந்தத் தாயிடம் போய், மற்றப் பிள்ளைக்கு வேலை வரும், வாக்குப் போடு என்று யார் சொல்லமுடியும்?

தேர்தல் முடிந்து சில மாதத்துக்குள் புதிய அரசாங்கம் பட்டதாரிகள் 50 ஆயிரம் பேருக்கு மேலும், வறிய குடும்பத்தவர்கள் 1 இலட்சம் பேருக்கும் வேலை என்றது. என் அலுவலகத்து வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை. 2020 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது, 2015இல் மாவட்டத்தின் 7 ஆசனங்களில் 5ஐ வைத்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 3 ஆசனத்துக்கு இறங்கியது. அரசாங்கத்தோடு நின்ற இரண்டு கட்சிகளுக்குத் தலா ஒன்று கிடைத்தது.

2024இல் அதே கதை இன்னும் துலக்கமாக நடந்தது. செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கும் ஏறத்தாழச் சம வாக்கு, தலா மூன்றில் ஒரு பங்கு அளவில். அடுத்து ரணில் விக்கிரமசிங்க. அநுரவுக்கு 7 வீதத்துக்குச் சற்று மேல். எட்டு வாரம் கழித்து, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் முதலாவதாக வந்து 6 ஆசனத்தில் 3ஐ எடுத்தது. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாக உடைந்தது ஒரு காரணம், அவர்கள் மேல் இருந்த வெறுப்பு இன்னொரு காரணம். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தெருவில் கேட்ட வார்த்தை வேறு. “அங்கால ஆர் இருக்கினம் எண்டு தெரிஞ்சிட்டுது, இனி எங்கட பிள்ளையளுக்கு ஏதும் கேக்க வழி வேணுமெல்லோ” என்றார் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா. ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் சனம் நினைவோடு வாக்களிக்கிறது. வென்றவர் யார் என்று தெரிந்த பிறகு வரும் தேர்தலில் பிள்ளையின் சான்றிதழ்க் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாக்களிக்கிறது. இரண்டும் ஒரே சனம், ஒரே வீடு.

இதில் எனக்குச் சனத்தின் மேல் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அந்தக் கோப்பை வாங்கி வைத்து விளையாடுகிறவர்கள் மேல்தான். ஒரு தேர்தல் காலத்தில் ஒரு கட்சியின் இணைப்பாளர் எங்கள் பிரிவில் வேலை விண்ணப்பம் என்று ஒரு தாளை வீடு வீடாகக் கொடுத்தார். நிரப்பிய தாள் ஒன்றை ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து, சரியா எழுதியிருக்கோ பாருங்கோ என்றார். மேல் மூலையில் பென்சிலால் 4 என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். “வீட்டில எத்தினை வாக்கு எண்டு கேட்டவை, ஐயா.” அந்தத் தாள் எந்தத் திணைக்களத்துக்கும் போகவில்லை. போகிற தாளும் அல்ல அது. கந்தோர் முத்திரை குத்தி வரும் எந்தத் தாளையும் பார்த்துப் பழகிய எனக்கு அது வெறும் கடதாசி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அந்தத் தாய்க்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும்.

வேலையில்லாதவனுக்கு ஆட்சி மேல் ஆத்திரம் வரும், அவன் எதிர்க்கட்சிக்குப் போடுவான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சில நாடுகளில் அப்படி இருக்கலாம். அரசாங்கமே பெரிய முதலாளியாக இருக்கும் இடத்தில், காத்திருக்கும் பிள்ளைக்கு ஆத்திரப்பட வசதி இல்லை. வயதெல்லை 35 என்று வர்த்தமானியில் போட்டிருக்கும், பிள்ளைக்கு 33 ஆகியிருக்கும். அந்த இரண்டு வருடத்துக்குள் யார் கையெழுத்துப் போடுவார்களோ அவர்களிடம் வீடு முழுவதும் பணிந்து நிற்கும். 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் பந்தல் போட்டு இருந்தார்கள். மாதக் கணக்கில் இருந்தார்கள். பதினொரு தடவை என் மேசைக்கு வந்த அந்தப் பிள்ளையும் போய் இருந்தாள். பணியாமல் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அது. அந்தப் பந்தலுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போன அரசியல்வாதிகள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள்.

அவளுக்கு 2020 செப்டெம்பரில் நியமனக் கடிதம் வந்தது. பயிலுநர், மாதம் 20 ஆயிரம் ரூபா. தாய் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு அலுவலகத்தில் அவளை இணைத்தார்கள். அங்கே அவளுக்குக் கொடுக்க வேலை இல்லை, பல நாள் இருக்கக் கதிரையும் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் பத்திரிகை படித்ததாகச் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்து, ஆறு வருடம் காத்திருந்து, கடைசியில் கிடைத்த வேலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரு கொடுமைதான். தேர்தலுக்காக உண்டாக்கிய வேலை அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் வாக்கு விழுந்ததோடு அந்த வேலையின் தேவை முடிந்துவிடுகிறது.

இப்போதைய அரசாங்கம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30 ஆயிரம் பேரைச் சேர்ப்பதாகச் சொன்னது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்பு ஆலை ஒன்றைத் திறந்தது. முதலாவது செய்தியைவிட இரண்டாவது எனக்குப் பெரிது, அப்பா போன சைக்கிள் பாதையை நினைத்துச் சொல்கிறேன். முப்பதினாயிரம் பேரையும் திறந்த பரீட்சை வைத்து, புள்ளியைப் பகிரங்கமாகப் போட்டு எடுக்கட்டும். எந்த இணைப்பாளரின் பட்டியலும் வேண்டாம். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், தமிழ் வேட்பாளரிடமும்தான், எங்கள் சனம் இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கவேண்டும்: காணாமல் போன பிள்ளை எங்கே, இருக்கிற பிள்ளைக்கு வேலை எங்கே? இரண்டாவதைக் கேட்டால் முதலாவதை விற்றுவிட்டதாக ஆகாது. என் மாமனுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல எனக்குப் பக்குவம் இருக்கவில்லை.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை அதிகம் வருத்துவது. வேலையின்மை யாரை ஆகக் கூடுதலாகத் தாக்கியதோ அவர்கள் வாக்களிக்கவே இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்கு என்று பதிந்துகொண்டு போனார்கள். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க எங்கள் சட்டத்தில் வழி இல்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் 79 வீதத்துக்கு மேல் வாக்களித்தது, யாழ்ப்பாணம் 70ஐ எட்டவில்லை. அக்கறையில்லாத சனம் என்று எழுதினார்கள். இடாப்புப் படிவத்தோடு நான் வாசலில் நின்றபோது தாய்மார் சொன்னது எனக்குக் கேட்கிறது. “அவன்ர பேரை வெட்டிப்போடாதேங்கோ விதானையார், ரெண்டு வருசத்தில வந்திடுவான்.” சட்டத்தில் தற்காலிகமாகப் போனவர் என்றால் பெயர் இருக்கலாம். எத்தனை தற்காலிகம் எத்தனை வருடம் நீண்டது என்று எனக்குத் தெரியும். வரவில்லை என்று கணக்கில் விழுந்தவர்களில் பலர், டோஹாவிலும் துபாயிலும் கட்டடத்தில் நின்றவர்கள்.

அந்தத் தையல்கார அம்மாவின் மகனும் கட்டாரில்தான். அக்காவுக்கு நியமனம் வருவதற்கு இரண்டு வருடம் முந்தியே, இனிக் காத்திருக்க ஏலாது என்று போனவன். 2024 செப்டெம்பரில் அக்கா அரச உத்தியோகத்தராகத் தபால் மூலம் வாக்களித்துவிட்டாள், நாட்டில் அப்படி வாக்களிக்கத் தகுதி பெற்ற 7 இலட்சம் பேரில் ஒருத்தியாக. தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்த வாக்காளர் அட்டைகளில் மகனுடையதும் இருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் படலையடியில் நின்றார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

“இதை என்ன செய்யிறது, விதானையார்?”

வேறு ஆள் பாவிக்கக்கூடாது, கவனமாக வைத்திருங்கள் என்றேன். அடுத்த நாள் வாக்களித்துவிட்டு வரும் வழியில் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா விரலில் மை காயாமல் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெசினின் லாச்சி திறந்திருந்தது. அளவு நாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையில் மகனின் அட்டை, மடிக்காமல், பெயர் மேலே தெரிகிறபடி இருந்தது.